யார் பேரில்? யார் கையில்? – பெண்டிர்க்கும் குடும்பத்துக்கும் அரசு தந்த ஆதரவின் வரலாறு

ஓய்வூதியம், உதவித்தொகை, உரிமைத்தொகை ஆகிய மூன்று சொற்களும் இன்று நம் வீடுகளில் ஒரே பொருளில் புழங்குகின்றன. "இந்த மாசம் பென்ஷன் வந்துச்சா?" என்று ஒரே கேள்வியில் மூன்றையும் அடக்கிவிடுகிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு. ஓய்வூதியம் செய்த வேலையின் பின்பயன். உதவித்தொகை ஒருவருடைய நிராதரவு கண்டு இரங்கித் தருவது. உரிமைத்தொகை, 'இது எனக்குச் சேர வேண்டியது' என்று நிமிர்ந்து கேட்டுப் பெறுவது. இந்த மூன்றுக்கும் இடையில் நம் பெண்கள் எங்கே நின்றார்கள், இன்று எங்கே நிற்கிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மட்டாஞ்சேரியில் சுக்கும் மஞ்சளும் வியாபாரம் செய்து வருபவன் நான். கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். கடை சாத்திய பிறகு கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய சட்டங்களையும் படிப்பது என் வழக்கம். எந்தக் கணக்கைப் பிரித்தாலும் வியாபாரிக்கு இரண்டு கேள்விகள் எழும். இந்தப் பற்று யார் பேரில் எழுதப்பட்டிருக்கிறது? காசு யார் கையில் போய்ச் சேர்ந்தது? பேரேடு படிக்கும் இந்தப் பழக்கத்தோடேயே அரசின் உதவிகளையும் படித்துப் பார்த்தேன்.

கல்லில் எழுதிய கணக்குகள்

குடும்ப ஓய்வூதியம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. போரிலும் ஆநிரை மீட்பிலும் உயிர் நீத்த வீரனுடைய வழியினர்க்கு நிலம் கொடுப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் சிந்தியதற்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்பது பொருள். கன்னட நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கான உதவி. ஆனால் பற்று எழுதப்பட்டிருப்பது இறந்த ஆண்மகன் பேரில்.

பெண்ணின் பேரிலேயே எழுதிய கணக்கும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேரைக் குடியமர்த்திய கல்வெட்டு புகழ் பெற்றது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இறந்தாலோ வேறிடம் பெயர்ந்தாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவினர்க்குப் போக வேண்டும், அவர் பணிக்குத் தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் விதி வகுத்துள்ளனர். அந்தப் பெண்கள் தம் விருப்பத்தால் அங்கே வந்தவர்களா என்பது வேறு கேள்வி. கோயிற்பணி என்ற பெயரில் பிற்காலத்தில் நேர்ந்த இழிவுகளும் நாம் அறிந்தவையே. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியதை அவள் பெயரிலேயே, முகவரியோடு எழுத நம்மவர்க்குத் தெரிந்திருந்தது என்பது கண்கூடு.

இன்னொரு கல்வெட்டு எங்கள் பக்கத்தைச் சேர்ந்தது. வந்தவாசிக்கு அருகே வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. அங்கே கனகவீரக் குரத்தியார் என்னும் சமணப் பெண் துறவி இருந்தார். குரத்தி என்றால் பெண் ஆசிரியர். அவருடைய மாணாக்கியர்க்கும் மற்றொரு தரப்புக்கும் பிணக்கு ஏற்பட்டது. அப்போது ஊர்க்காரர்கள் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். நயினார் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கும் நால்வகைத் தானம் உணவு, மருந்து, அபயம், கல்வி என்பன. வேடல் ஊரார் செய்தது உணவும் அபயமும் சேர்ந்த தானம். அதைக் கல்லில் எழுதிய கணமே அது வாய்ச்சொல்லாக இல்லாமல் ஊரின் கடப்பாடாகிவிட்டது. எழுத்துக்கு இருக்கும் வலிமை இது.

அர்த்தசாத்திரத்தில் வரும் ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். விதவையர், உடற்குறையுள்ளோர், மணமாகாத பெண்கள் முதலியோர்க்கு நூல் நூற்கும் வேலை கொடுக்க அரசு அதிகாரி ஒருவர் உண்டு. வீட்டை விட்டு வெளிவராத பெண்களுக்கு வேலையை வீட்டுக்கே அனுப்பச் சொல்கிறது அந்நூல். விடியற்காலையில் நூலைக் கொண்டுவரும் பெண்ணிடம், விளக்கு வெளிச்சம் நூலைப் பார்ப்பதற்கு மட்டுமே. அவள் முகத்தைப் பார்த்தாலும் வேறு பேச்சுப் பேசினாலும் அதிகாரிக்குத் தண்டம். இதைவிட முக்கியமானது அடுத்த விதி. கூலி கொடுக்கத் தாமதித்தால் தண்டம் இன்னும் அதிகம்! பெண்ணுக்குச் சேர வேண்டிய காசைக் காலம் தாழ்த்துவது குற்றம் என்று கருதிய பழைய சிந்தனையை நாம் கவனிக்க வேண்டும்.

மேல்நாட்டில் நடந்த ஒரு போராட்டம்

இக்கால அரசு ஓய்வூதியம் ஜெர்மனியில் 1889இல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கியது. அது தொழிலாளர் தாமும் பணம் கட்டிப் பெறும் காப்பீட்டு முறை. பணம் கட்டாமலே பெறும் முதியோர் ஓய்வூதியத்தை நியூசிலாந்து 1898இல் கொண்டு வந்தது. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுபது வயது கடந்த ஏழை ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரம் ஐந்து ஷில்லிங் வரை, 1909 சனவரி முதல் தபால் ஆபீசில் கொடுத்தார்கள்.

1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை நவீன நலவாழ்வு அரசின் அடிக்கல் எனப்படுகிறது. அதிலுங்கூட மணமான பெண் பெரும்பாலும் கணவனைச் சார்ந்தவளாகவே கணக்கிடப்பட்டாள். இந்த இடத்தில் எலினோர் ராத்போன் என்னும் அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகளை வளர்ப்பதற்கான குடும்பப்படி வேண்டும் என்று பல்லாண்டுகள் பாடுபட்டவர் அவர். 1945இல் அதற்கான மசோதா வந்தபோது, படியைத் தகப்பன் கையில் கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். அம்மையார் விடவில்லை. தாயின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று வாதாடி, மசோதாவைத் திருத்த வைத்தார். 1946 ஆகஸ்டு மாதம் முதல் தவணை தாய்மார் கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஆண்டு சனவரியிலேயே காலமாகிவிட்டார். தொகை ஒன்றே, வீடும் ஒன்றே. எந்தக் கை வாங்குகிறது என்பதற்காக ஒரு பாராளுமன்றமே வாதிட்டது என்றால், அது சின்ன விஷயமா?

தறவாடு போய்ச் சர்க்கார் வந்தது

நாம் குடியேறி வாழும் இந்த மண்ணுக்கு வருவோம். மருமக்கள் வழியில் வாழ்ந்த கேரளத்துக் குடும்பங்களில் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் பராமரிக்கும் கடமை தறவாட்டினுடையது. வழி பெண்வழியாக இருந்தாலும், கணக்குப் பெட்டியின் சாவி காரணவராகிய ஆண் கையில். கொச்சி இராச்சியத்தில் 1920லும் 1938லும் வந்த நாயர் சட்டங்கள் மனைவி மக்களின் உரிமையை மெல்ல மெல்ல மாற்றின. கடைசியில் கேரளச் சட்டசபை 1975இல் இயற்றி 1976 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. தனித்தனிப் பங்கு கிடைத்தது நன்மைதான். ஆனால் பங்கு பெறச் சொத்தே இல்லாத ஏழைப் பெண்ணுக்கு யார் துணை? கூட்டுக் குடும்பம் விட்ட இடத்தை அரசு நிரப்ப வேண்டிய காலம் வந்தது. நம் தமிழ் நாட்டிலும் இதே கதைதான். பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த குடும்பங்களில் அண்ணன் தம்பி ஆதரவு என்பது கடிதத்தோடு நின்றுவிட்டது.

இந்தியாவில் முதியோர் ஓய்வூதியத்தை முதலில் உத்தரப் பிரதேசம் 1957இல் தொடங்கியது. கேரளம் 1960களின் தொடக்கத்திலேயே ஆதரவற்றோர்க்கும் விதவையர்க்கும் கொடுக்க ஆரம்பித்தது. தமிழகத்தில் 1962 ஏப்ரல் முதல் தேதி முதியோர் உதவித்தொகை வந்தது. மாதம் ரூ. 20. அதன் பிறகு வந்த வரிசையைப் பாருங்கள். ஆதரவற்ற விதவைக்கு 1975, கணவனால் கைவிடப்பட்டவளுக்கு 1986, ஐம்பது வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்ணுக்கு 2008. கேரளத்திலும் ஐம்பது கடந்த மணமாகாத பெண்களுக்குத் தனி ஓய்வூதியம் 2001இல் வந்தது. மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது முதியோர்க்கு மாதம் ரூ. 75 கொடுத்தது. விதவையர்க்கென்று தனித்திட்டம் வர 2009 ஆயிற்று. அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 200. 2012இல் ரூ. 300 ஆனது. அதன் பிறகு பத்தாண்டு கடந்தும் அந்தப் பங்கு ஏறவில்லை.

வரிசையை மறுபடி படித்தால் ஒன்று புலப்படும். புருஷன் செத்தவள், புருஷன் விட்டவள், புருஷன் கிடைக்காதவள். கை பெண்ணினுடையதுதான். ஆனால் பற்று எழுதியிருப்பது இல்லாத ஆணின் பேரில். உதிரப்பட்டிக் கணக்கு அப்படியே தொடர்கிறது.

இதில் ஒரு பெரிய விலக்கு உண்டு. 1980இல் ஈ. கே. நாயனார் முதலமைச்சராக இருந்த அரசு கேரளத்தில் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியத்தைக் கொண்டு வந்தது. அறுபது வயது கடந்த தொழிலாளிக்கு மாதம் ரூ. 45. நான் கொச்சிக்கு வந்த ஆண்டும் அதுவே. 'நாற்பத்தஞ்சு ரூபாய்க்கு என்ன வாங்குறது?' என்று பஜாரில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த ஒருத்திக்கு, புருஷன் இருக்கிறானா செத்தானா என்ற கேள்வியை விட்டு, 'நீ உழைத்தாயா?' என்று கேட்டுக் கொடுத்த தொகை அது. தொகை சிறிது. கேட்ட கேள்வி பெரிது.

மட்டாஞ்சேரியில் சாப்பாவும் முறமும்

உழைப்புக்குப் பதிவு வேண்டும் என்பதை மட்டாஞ்சேரிக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. கப்பல் வேலைக்குக் கூடி நிற்கும் கூட்டத்தில் கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். அடிபிடியில் வில்லை கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிரிழந்தனர். 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படம் 2023இல் வந்த பிறகு இளைய தலைமுறையும் இதை அறிந்துகொண்டது. காலப்போக்கில் சாப்பா ஒழிந்து துறைமுகத் தொழிலாளர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பெயர் ஏறிய பிறகு சேமநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் பின்னாலேயே வந்தன. சுமைதூக்குவோர்க்கு 1978இல் தனிச் சட்டமே வந்தது.

அதே தெருவின் பண்டகசாலைகளில் (மலையாளத்தில் பாண்டிகசாலை) முறம் பிடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் நிலை என்ன? இஞ்சியைச் சீவிக் காய வைப்பது, சுக்கைத் தரம் பிரிப்பது, மிளகைப் புடைப்பது, கல்லும் காம்பும் பொறுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. மலையாளத்துச் சேச்சிமார், கொங்கணிப் பெண்கள், நம் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் கலந்திருப்பார்கள். மூட்டையைத் தூக்கியவன் பெயர் பதிவேட்டில் ஏறியது. மூட்டைக்குள் இருந்த சரக்கைச் சுத்தம் செய்தவளின் பெயர் பெரும்பாலும் மேஸ்திரியின் துண்டுச்சீட்டோடு போயிற்று. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுத்து, இஸ்திரி போடும் நம் வண்ணார் குடும்பத்துப் பெண்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எழுபதை நெருங்கிய ஓர் அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல கிடங்குகளில் பொறுக்கு வேலை பார்த்தவர். 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். "மொதலாளி, எம் புருஷன் செத்ததுக்குக் காயிதம் இருக்கு. நான் ஒழச்சதுக்குக் காயிதம் இல்லியே. எது இருக்கோ அத எழுதுங்க" என்றார். விதவை ஓய்வூதியம் என்று எழுதினேன். பணமும் பிறகு வந்தது. நான் இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் அந்த அம்மாவின் இரண்டு வரியில் அடங்கிவிட்டது.

இரக்கம் உரிமையான கதை

சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் குடும்ப ஓய்வூதியம் 1964 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் ஒரு பெருந்தீர்ப்பு சொன்னது. ஓய்வூதியம் எசமான் மனம் இரங்கி இடும் பிச்சையன்று, உழைத்தவர் பெறும் உரிமை என்பது அதன் சாரம். அந்தத் தேதியையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1985இல், 1964க்கு முந்திய ஊழியர்களின் விதவையர் தொடுத்த வழக்கிலும் நீதி கிடைத்தது. ஆனால் இவையெல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய வீடுகளுக்கு. அடுப்படியில் உழைத்தவளுக்கு?

2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க வீட்டைக் காத்த மனைவிக்கு அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்கு மாதம் ரூ. 1000. பெயரிலேயே 'உரிமை' என்று வைத்தது கவனிக்கத் தக்கது. கணவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் குடும்பத்தை நடத்துகிறாள் என்பதற்காகவே கொடுக்கும் தொகை. ராத்போன் அம்மையார் கேட்டதை ஒத்த ஒன்று எழுபத்தேழு ஆண்டு கழித்து நம் தமிழ் மண்ணில் வந்தது.

கேரளமும் பின்தங்கவில்லை. 2016இல் ரூ. 600ஆக இருந்த க்ஷேம பென்ஷன் 2021இல் ரூ. 1600ஆகி, 2025 நவம்பர் முதல் ரூ. 2000 ஆயிற்று. வேறு ஓய்வூதியம் எதுவும் பெறாத, 35 முதல் 60 வயது வரையிலான ஏழைப் பெண்களுக்கு மாதம் ரூ. 1000 தரும் திட்டமும் 2025 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்க ஊழியர் வீட்டுப் படியேறி வந்து கையில் எண்ணிக் கொடுப்பது கேரளத்தின் ஒரு சிறப்பு.

திருத்த வேண்டியவை

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, நிலுவை. இத்தொகைக்காகக் கடன் வாங்கவென்றே 2018இல் ஒரு கம்பெனி அமைத்தார்கள். 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் வரி போட்டார்கள். அப்படியிருந்தும் 2023–24இல் மாதக்கணக்கில் பாக்கி விழுந்து முதியோர் தெருவில் இறங்கினர். வியாபாரத்தில் தவணை தவறினால் வட்டி உண்டு. ஏழையின் தவணை தவறினால் மன்னிப்புக் கூட இல்லை. தாமதத்துக்குத் தண்டம் விதித்த அர்த்தசாத்திரக் காலத்து விதியை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தேதி தவறினால் ஈடு தரவேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது, மானம். கேரளத்தில் அறுபது வயதுக்குட்பட்ட விதவை, மறுமணம் செய்யவில்லை என்று சான்று கொடுக்க வேண்டியிருக்கிறது. மனைவி இறந்த ஆணிடம் முதியோர் ஓய்வூதியத்துக்கு இக்கேள்வி கேட்பதில்லை. ஆதரவு ஏழ்மைக்கு என்றால் ஏழ்மையை மட்டும் கேட்டால் போதாதா?

மூன்றாவது, நம்மைப் போன்ற இடம் பெயர்ந்தவர் பாடு. தமிழகத்தின் உரிமைத்தொகைக்கு அந்த மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். கேரளத் திட்டங்களுக்கு இங்கே நிலையான குடியிருப்பு வேண்டும். ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. ஓய்வூதியத்துக்கு அந்த வசதி இல்லை. மாமியார் ஊரில் அட்டை, மருமகள் இங்கே வாடகை வீடு. இரண்டு கணக்கிலும் பெயர் இல்லாமல் போன பெண்கள் நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே உண்டு. ரேஷனைப் போல ஓய்வூதியமும் ஆளோடு கூட வர வேண்டும். இதை இரு மாநில அரசுகளும் மத்திய அரசும் கூடிப் பேசினால்தான் முடியும்.

அது வரும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. வீட்டுப் பெண்களின் பெயர் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். செல்லம்மாள் ஓரிடத்தில் செல்லம்மா ஆனால் மனு நின்றுவிடும். வங்கிக் கணக்கு அவள் பேரில் தனியாக இருக்கட்டும். பென்ஷன் பெறுவோர் மஸ்டரிங் அறிவிப்பு வந்ததும் கெடு முடியுமுன் அக்ஷயா மையத்துக்குப் போய்விட வேண்டும். கைவேலை, தையல், கிடங்கு வேலை செய்வோர் தத்தம் சேமநிதி வாரியத்தில் சேருங்கள். சம்பளம் கொடுக்கும் வணிகப் பெருமக்களே, ஒரு நோட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரும் நாளும் கூலியும் எழுதிக் கையெழுத்திட்டு ஆண்டுக்கொரு முறை அவளிடம் கொடுங்கள். நமக்கு ஒரு தாள் செலவு. அவளுக்கு அது முதுமைக்கான சாட்சி. நம் சங்கமும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனு எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மலையாளம் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல தொண்டு.

தானம் கொடுப்பவனுக்குப் புண்ணியம் சேர்க்கும். உரிமை பெறுபவளுக்கு மானம் சேர்க்கும். ஒரு நாட்டுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் கணக்கில் எழுதும்போது உரிமையை உரிமை என்றே, அவள் பேரிலேயே எழுத வேண்டும். தஞ்சைக் கல்லில் வீட்டு வரிசையோடு பெண் பெயரை வெட்டத் தெரிந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கு நமக்குத் தயக்கம் எதற்கு?